முந்தைய அனுமதிகள் அழிந்துபோகும்

அலுவலகத்தில் அவளைக் கமாக்கா என்று கூப்பிடுவார்கள். ஒரே ஒரு காற்புள்ளிக்காக ஒரு முழுச் சாயங்காலம் வாதாடினாள் என்ற புகழ் அவளுக்கு உண்டு. வயது நாற்பத்தேழு. மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது வேலை. கையேட்டை யாரும் படிக்கமாட்டார்கள். ஆனால் இல்லாமல் போனால் ஊரே திட்டும். இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்க வேண்டிய உண்மை அது.

முன்பெல்லாம் படிக்க ஆட்களாவது இருந்தார்கள். புரியாவிட்டால் போன் செய்து கத்துவார்கள். "எட்டாவது பக்கத்துல என்னம்மா எழுதி வெச்சிருக்கே? தலையும் புரியல, வாலும் புரியல" என்பார்கள். திட்டுதான் என்றாலும் அது ஒரு மனிதக் குரல். இரண்டு வருடமாக அதுவும் நின்றுபோயிற்று. இப்போது அவள் எழுதுவதைப் படிப்பவை ஏஜென்டுகள். சொன்ன வேலையைத் தானே யோசித்துப் படிப்படியாகச் செய்து முடிக்கிற செயற்கை அறிவு நிரல்களுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது. அவை கத்துவதில்லை, நன்றி சொல்வதுமில்லை. போன மாதக் கணக்குப்படி அவளுடைய பக்கங்களை ஏஜென்டுகள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை படித்திருந்தன. மனிதர்கள் மூன்று முறை. அந்த மூன்றில் இரண்டு அவளே. மூன்றாமவர் வழி தவறி வந்தவர் போல, நான்கு விநாடியில் திரும்பிப் போய்விட்டார்.

இந்த முறை வந்த வேலை மெசேஜ் புரோக்கர். பெயரைக் கேட்டு வீட்டுத் தரகர், நிலத் தரகர் என்று நினைத்துவிட வேண்டாம். இது கமிஷன் கேட்காத தரகர். ஒரு கணினி சொல்ல வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கவேண்டிய கணினி வந்ததும் எடுத்துக் கொடுக்கும். யாரும் பேசலாம், யாரும் கேட்கலாம் என்று விட்டால் சந்தைக்கடை ஆகிவிடும் என்பதால், ஒவ்வொரு பயனருக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: செய்திகள் காத்து நிற்கும் வரிசைகளை அமைக்க, செய்தி எழுத, செய்தி படிக்க. இந்த அனுமதிகளைப் பார்க்கவும் வைக்கவும் நீக்கவும் ஏஜென்டுகளுக்கென்று சில கருவிகள் செய்திருந்தார்கள். எந்தக் கருவி என்ன செய்யும் என்று ஏஜென்டுக்குப் புரியும்படி எழுதவேண்டியது கமாக்காவின் பொறுப்பு.

அவளுடைய குழுத்தலைவருக்கு வயது முப்பத்திரண்டு. எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து முடிப்பார் என்பதால் அவருக்கு நாளைக்குள்ள என்று பெயர்.

"அக்கா, ஒரு கருவிக்கு அம்பது சொல்லுக்கு மேல வேணாம். ஏஜென்டு ஒவ்வொரு தடவையும் இதைப் படிச்சிட்டுத்தான் வேலையையே ஆரம்பிக்கும். நீட்டினா முக்கியமானதைக் கோட்டை விட்டுடும். நாளைக்குள்ள முடிச்சுடுங்க."

அனுமதி வைக்கும் கருவிக்கு அவள் எழுதியிருந்தது அறுபத்தொரு சொல். எண்ணிப் பார்த்தாள். இரண்டு மூன்று சொல்லாகக் கிள்ளிப் பார்த்தாள், சரிவரவில்லை. கடைசியில் ஒரு வாக்கியத்தையே தூக்கினாள். 'இந்தக் கருவி பழைய அனுமதிகளோடு சேர்க்காது, மூன்றையும் புதிதாக மாற்றி எழுதும், விட்டுப்போனது வெறுமையாகிவிடும்.' எண்ணி வைத்ததுபோல் பதினோரு சொல். இது ஊரறிந்த விஷயம்தானே, இதை வேறு சொல்லவேண்டுமா என்று நினைத்தாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இருபது வருடமாக அவள் சொல்லிவருவது என்ன தெரியுமா? 'உனக்குத் தெரிந்ததைப் படிப்பவனுக்கும் தெரியும் என்று நினைக்காதே.' உபதேசம் எப்போதும் ஊருக்குத்தான்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தான் செய்து பார்க்காத எடுத்துக்காட்டை அவள் கையேட்டில் சேர்க்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்து அலுவலகத்தின் சோதனைக் கணினியைப் பராமரிப்புக்கென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று அவள் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். வீட்டு அலமாரியில், துவைத்து மடித்த துண்டுகளுக்குப் பக்கத்தில், அவளுடைய சொந்த மெசேஜ் புரோக்கர் ஒன்று உள்ளங்கை அகலக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. அது அப்பாவுக்காக.

அப்பா இரண்டரை மணி நேரப் பயணத்தில் இன்னொரு நகரத்தில், மூன்றாவது மாடியில், தனியாக இருந்தார். அம்மா போன பிறகு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகாத நாட்களில் அவர் போன் செய்வார். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் பல தடவை வந்ததேயில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். அவளுக்கு மனசு உறுத்தியது. உறுத்தல் வந்தால் தொழில் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு கருவி செய்வார்கள். அப்பா வீட்டு அலமாரியில் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். கெட்டில் கொதித்தால், வாசற்கதவு திறந்தால், படுக்கையறை விளக்கு எரிந்தால் அது எழுதும். அவள் போனில் படிப்பாள். 'கெட்டில், 6.18.' 'கதவு, 7.05.' 'விளக்கு, 6.40.' எதுவும் நடக்காவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நான் இயங்குகிறேன் என்று பெட்டி தன் பங்குக்கு ஒரு செய்தி அனுப்பும். அதை மட்டும் போனில் காட்டாதபடி வைத்திருந்தாள்.

அது அவளுக்குப் பெரிய துணையாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. காலையில் தன் சமையலறையில் நின்றுகொண்டு, 'கெட்டில், 6.18' என்று படித்துவிட்டுத் தன் தேநீரைக் குடிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து குடிப்பதாக ஒரு நினைப்பு. அப்படியே பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அந்தப் பதினான்கு மாதத்தில் அவள் அப்பாவைப் போய்ப் பார்க்கவேயில்லை. எதற்குப் போக? எல்லாம்தான் தெரிகிறதே.

செவ்வாய்க்கிழமை அலுவலக ஏஜென்டை இந்த வீட்டு புரோக்கரோடு இணைத்து, அவள் அதனிடம் சொன்னது இதுதான்: 'அப்பா வீட்டுப் பெட்டிக்குப் படிக்கும் அனுமதியும் கொடு.' அதுவரை பெட்டிக்கு எழுதத்தான் அனுமதி இருந்தது. அவளிடமிருந்து எதையும் படிக்க அதற்கு அனுமதி இல்லை. படிப்பதற்கு அவளும் எதையும் அனுப்பியதில்லை. என்றைக்காவது பெட்டியில் ஒரு சின்னத் திரை வைத்து, 'சாப்பிட்டீங்களாப்பா' என்று இங்கிருந்தே தட்டி அனுப்பலாம் என்று ஒரு திட்டம் மனசுக்குள் இருந்தது. எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்காட்டும் ஆயிற்று, அந்த வேலைக்குத் தொடக்கமும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

ஏஜென்டு அவள் எழுதிய ஐம்பது சொல்லைப் படித்தது. படிக்கும் அனுமதியை வைத்தது. மற்ற இரண்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் அவற்றை வெறுமையாக விட்டது. 'முடிந்தது' என்றது. படிக்கும் அனுமதி வந்துவிட்டதா என்று அவள் பார்த்தாள், வந்திருந்தது. எழுதும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நேற்றுவரை இருந்த ஒன்று இன்று இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? மணி மூன்று நாற்பது. திரையைப் படம் பிடித்து, கையேட்டில் ஒட்டி, அனுப்பிவிட்டாள்.

புதனும் வியாழனும் வெளியீட்டு வேலையில் கழிந்தன. நாளைக்குள்ள ஏழு முறை கூட்டம் போட்டார். மீட்டிங் நடுவே சத்தம் போடுகிறது என்று அவள் எப்போதோ அப்பா வீட்டுச் செய்திகளின் மணியை அடக்கி வைத்திருந்தாள். அதனால் செய்தி வந்தாலும் சத்தம் இல்லை, வராவிட்டாலும் சத்தம் இல்லை. இரண்டு நாளும் காலைத் தேநீரை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓடினாள். போனை எடுத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியீடு முடிந்த அலுப்பில் தாமதமாக எழுந்து, வழக்கம்போலத் தேநீரோடு நின்று, போனைத் திறந்தாள். கடைசிச் செய்தி: 'கதவு, 3.22.' இது எப்போது என்று மேலே பார்த்தாள். செவ்வாய்க்கிழமை.

அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஆறு முறை போட்டாள். கீழ்த்தளத்துத் தையல்காரரின் எண்ணை எப்போதோ வாங்கி வைத்திருந்தாள். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. செவ்வாய், புதன், வியாழன் என்று விரல் விட்டு எண்ணினாள். மூன்று நாள் ஒரு மனிதர் குளியலறைத் தரையில் கிடந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நினைக்கத் தெரிந்தது, நினைக்காமல் இருக்கத் தெரியவில்லை. மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு, தலை வாராமல், பேருந்து நிலையத்துக்கு ஓடினாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. வீட்டு புரோக்கர் தினமும் ஓர் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பும். அவள் படிப்பதே இல்லை. கையேடு எழுதுகிறவளும் மற்றவர்கள் மாதிரிதான். இப்போது திறந்தாள். 'அப்பா வீட்டுப் பெட்டி, எழுத அனுமதி இல்லை, மறுக்கப்பட்ட செய்திகள்: செவ்வாய் 100.' புதன், முந்நூறுக்கும் மேல். வியாழன், அதேபோல்.

பெட்டி உயிரோடு இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் போ என்று விரட்டப்பட்டிருக்கிறது. விரட்டச் சொன்னது யார் என்று யோசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு சொல். ஏஜென்டைத் திட்ட வாய் வரவில்லை. அதற்கு என்ன சொல்லிக் கொடுத்தாளோ அதைத்தான் அது செய்திருந்தது.

மறுக்கப்பட்ட செய்திகளில் எது கெட்டில், எது கதவு, எது வெறும் பெட்டியின் புலம்பல் என்று அறிக்கையில் இல்லை. அப்பா கீழே விழுந்து கிடந்தாலும் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டத்தான் செய்யும். பேருந்திலிருந்தே அனுமதியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், வெளியிலிருந்து யாரும் நிர்வாகத்துக்குள் நுழைய முடியாதபடி வீட்டு புரோக்கரைப் பூட்டி வைத்திருந்தாள். பாதுகாப்பு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அலுவலகத்தில் பெருமையடித்துக்கொண்டதும் அவள்தான்.

நாளைக்குள்ளவுக்குப் போன் போட்டாள்.

"அந்த அனுமதிப் பக்கத்துல தப்பு இருக்கு. நான் ஒரு வரியை எடுத்துட்டேன். அதைப் படிச்சிட்டு ஏஜென்டு ஒண்ணைக் கொடுக்கறேன்னு மத்ததைப் பறிச்சிடுது."

"அப்படியா? வெளியிட்டு ஒரு நாள்தான் ஆச்சு. யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே, அக்கா."

"வாயை அடைச்சுட்டா அப்புறம் எப்படிங்க கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க?"

"அம்பது சொல்லைத் தாண்டினாலும் பரவாயில்ல, போடுங்க. இப்பவே" என்றார். நாளைக்குள்ள என்று சொல்லவில்லை. குலுங்குகிற பேருந்தில் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை எழுதினாள். இந்த முறை முதல் வரியாகவே வைத்தாள்: 'எச்சரிக்கை. முந்தைய அனுமதிகள் அழிந்துபோகும். முதலில் இருப்பதைப் படி. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எழுது.' அனுப்பிவிட்டு மூடினாள். இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம் பாக்கி இருந்தது. செய்வதற்கு வேலை எதுவும் இல்லாமல், பயம் மட்டும் இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மூன்று மாடியையும் மூச்சு வாங்க ஏறினாள். மணியை அழுத்திய விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

அப்பா நின்றுகொண்டிருந்தார். மழமழவென்று சவரம் செய்திருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தது. எங்கேயோ கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். பதினான்கு மாதத்தில் கழுத்து இளைத்துப்போய் அந்தச் சட்டைக்குள் தனியாக நின்றது.

"வா" என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "போனை ஏன்ப்பா எடுக்கல? ஆறு தடவை அடிச்சேன். செத்துப் பொழைச்சு வரேன் நான்."

"கேட்டுச்சு" என்றார் அப்பா. "எடுத்திருந்தா, பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பான்னு சொல்லிட்டு வெச்சிருப்பே."

அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அலமாரியில் பெட்டி இருந்தது. அதில் ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. செய்தி போய்ச் சேர்ந்தால் பச்சை, மறுக்கப்பட்டால் சிவப்பு. அவளே வைத்த விளக்குதான், மறந்தே போய்விட்டாள்.

"செவ்வாய்க்கிழமை மூணே முக்கால் இருக்கும், சிவப்பு ஆச்சு" என்றார் அப்பா. "இதை வெச்சிட்டுப் போனப்போ நீ என்ன சொன்னே? சிவப்பு வந்தா நீங்க எதையும் தொடாதீங்க, எனக்கே தெரிஞ்சிடும், நான் வந்துடுவேன்னு சொன்னே. அதான், புதன்கிழமை காலையிலேயே ஷேவ் பண்ணிட்டேன். அன்னைக்கு நீ வரல. வியாழக்கிழமையும் பண்ணினேன்."

அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர். அமிலம் இது, காரம் இது என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மாணவர்களுக்குக் கொடுப்பார். வந்துவிடுவேன் என்று அவள் சொன்னதையும் அப்படித்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. முடிவு வர மூன்று நாள் ஆகியிருக்கிறது. அவருடைய முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"என் தப்புதாம்ப்பா" என்றாள். "வேலைக்காக ஒண்ணைச் செஞ்சு பார்த்தேன். உங்க பெட்டி எழுதறதை நானே நிறுத்திட்டேன். நிறுத்தினது எனக்கே தெரியல. மூணு நாளா தெரியல."

"ம்" என்றார் அப்பா. நாற்காலியில் கிடந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா சரி பண்ணிடறேன். பச்சை வந்துடும்."

"வேணாம்."

"ஏன்ப்பா?"

"சிவப்பாவே இருக்கட்டும். பச்சையா இருந்த பதினாலு மாசமும் நீ வரல. இது சிவப்பான மூணாவது நாள் வந்துட்டே. எது நல்லா வேலை செய்யுதுன்னு நீயே சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளால் சிரிக்க முடியவில்லை. "விளையாடாதீங்கப்பா. நீங்க இங்க தனியா இருக்கீங்க. இது இல்லைன்னா நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளேன்" என்றார் அப்பா.

அவள் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினான்கு மாதமாக இந்தக் கேள்வியைக் கெட்டிலிடம் கேட்டுக் கெட்டிலிடமே பதில் வாங்கிக்கொண்டிருந்ததால் அது வாயில் பழக்கமில்லாமல் இருந்தது.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றார்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன மாசம் ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் என்ன வேணும்னார். வாயைத் திறக்கறேன், குரலே வரல. காத்துதான் வருது. எத்தனை நாளா யார்கிட்டயும் பேசலைன்னு அங்க நின்னு எண்ணிப் பார்த்தேன், ஞாபகம் வரல. அவர் நான் ஊமைன்னு நினைச்சுட்டார் பாவம். பேப்பரும் பேனாவும் எடுத்து நீட்டினார்." அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டார். "என்ன பண்றது? ரொட்டி ஒண்ணுன்னு எழுதிக் குடுத்து வாங்கிட்டு வந்துட்டேன்."